கிறிஸ்துமஸ் சீஸ் ரொட்டி மூன்று தடவையும் வெடித்துவிட்டது, வழி சொல்லுங்கள்

சாட்ஸ்வர்த்காரி | டிசம்பர் 16, இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில், இன்று விடுமுறை, காலையிலிருந்து அடுப்படியிலேயே கிடந்தேன். பலன் பூஜ்யம். அதனால்தான் இங்கே வருகிறேன்.

என் மகளோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு ஜார்ஜியா நாடு. அமெரிக்காவில் இருக்கும் ஜார்ஜியா இல்லை, கருங்கடல் ஓரத்தில் துருக்கிக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அது. அதிலும் குரியா என்கிற பகுதி. அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி அன்றுதான் டிசம்பர் 25 வருகிறதாம். போன ஜனவரியில் காச்சாபுரி என்ற சீஸ் ரொட்டி, பிறை வடிவத்தில் இரண்டு செய்து மகளிடம் கொடுத்தனுப்பினார். உள்ளே சீஸும் நறுக்கிய அவித்த முட்டையும். மேலே மஞ்சள் கரு பூசிப் பளபளவென்று இருந்தது. வீட்டில் ஐந்து பேர். மேசையில் வைத்தது தெரியும், தீர்ந்தது தெரியாது. கறி இல்லாத எதையும் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ளாத என் மாமனாரே "இன்னொன்னு இருக்கா?" என்று கேட்டார்.

இந்த வருடம் 25ஆம் தேதி கூட்டம் எங்கள் வீட்டில்தான். பிராய் என்கிற கறி சுடும் அடுப்பை ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் இந்த ரொட்டியைச் செய்து அசத்தலாம் என்று நினைத்தேன். இதுவரை மூன்று தடவை செய்தாயிற்று. மூன்று தடவையும் ஓரம் பிளந்து, சீஸ் எல்லாம் தட்டில் ஓடிக் கருகிவிட்டது. ரொட்டியை வெட்டினால் உள்ளே குகை மாதிரி காலி, அடிப்பாகம் நசநசவென்று ஈரம்.

நான் போட்டது: வெள்ளை ரொட்டி மாவு 500 கிராம், ஈஸ்ட் ஒரு பாக்கெட் முழுசாக 10 கிராம், உப்பு, தண்ணீர். உள்ளே, தண்ணீரில் மிதக்கும் மொசரெல்லா உருண்டைகள், அதோடு உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்த ஃபெட்டா. அவன் (oven) அடுப்பு 180 டிகிரி. எங்கே தப்பு?

பிராய்_ராஜா | டிசம்பர் 16, இரவு 9:05

அக்கா, ரொட்டிக்குள் நிரப்புவதற்கு டர்பன்காரர்களுக்கு ஜார்ஜியாவிலிருந்து ஆள் வந்து சொல்லித்தர வேண்டுமா? ஒரு பாண் ரொட்டியைக் காலாக வெட்டு, நடுவைத் தோண்டு, கறியை ஊற்று. அதுதானே நம் பன்னி சௌ, அது வெடித்து யாராவது பார்த்திருக்கிறீர்களா?

சாட்ஸ்வர்த்காரி | டிசம்பர் 16, இரவு 9:11

தம்பி, உனக்கு 25ஆம் தேதி கால் மட்டன் பன்னி சௌ தனியாக வாங்கி வைக்கிறேன். இப்போது வழிவிடு.

மாவுக்கை | டிசம்பர் 16, இரவு 10:32

அக்கா, நான் மதுரைக்காரன், இப்போது ஜொகன்னஸ்பர்க்கில் இருக்கிறேன். ரொட்டி சுடுவது என் பிழைப்பு இல்லை, பைத்தியம். நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. குற்றவாளி சீஸ் இல்லை, தண்ணீர்.

தண்ணீரில் மிதக்கும் மொசரெல்லாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதை மாவுக்குள் வைத்து மூடி அவனில் வைத்தால் தண்ணீர் ஆவியாகும். வெளியே போக வழியில்லை. எங்கே ஒட்டு பலவீனமோ அங்கே பிளந்துகொண்டு வரும், சீஸையும் இழுத்துக்கொண்டு வரும். பிளக்காத இடத்தில் அந்த ஈரம் அடி மாவில் இறங்கும். அதுதான் உங்கள் நசநசப்பு.

கட்டியாக, காய்ந்த மாதிரி விற்கும் மொசரெல்லாவை வாங்குங்கள், பிட்சாவுக்குப் போடுவது. நீங்களே துருவுங்கள். துருவி விற்பதில் ஒட்டாமல் இருக்க மாவுச்சத்து தூவியிருப்பார்கள், அது உருகி ஒன்றுசேர முரண்டுபிடிக்கும். ஃபெட்டாவை நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு உப்பை இறக்கி, துணியில் கட்டிப் பிழியுங்கள். ஜார்ஜியாவில் இமெரெத்தி சீஸ், சுல்குனி இரண்டும் போடுவார்கள். சுல்குனி மொசரெல்லா மாதிரியே சூட்டில் இழுத்துச் செய்வது, ஆனால் உப்புத் தண்ணீரில் ஊறியது. இங்கே அது கிடைக்காது. மொசரெல்லா மூன்று பங்கு, ஃபெட்டா இரண்டு பங்கு போட்டால் ருசி பக்கத்தில் வந்துவிடும்.

இரண்டாவது விஷயம் மாவு. உங்கள் மாவு கெட்டி என்று நினைக்கிறேன். போளிக்கு என்ன சொல்வார்கள்? பூரணமும் மேல்மாவும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். பூரணம் இளகி மாவு கெட்டியாக இருந்தால் தேய்க்கும்போதே கிழியும். இதுவும் அதேதான். போளிக்கு மூடுகிற மாதிரி மூடுங்கள், வெடிக்காது.

சாட்ஸ்வர்த்காரி | டிசம்பர் 17, காலை 6:15

தண்ணீர் விஷயம் புரிந்தது, நன்றி தம்பி. ஆனால் போளி மாதிரி என்றால்? எண்ணெயில் பொரிக்கச் சொல்கிறீர்களா? உள்ளே தேங்காய்தானே வைப்போம், அது இளகியா இருக்கும்? குழப்பிவிட்டீர்களே.

மாவுக்கை | டிசம்பர் 17, காலை 6:50

பொரிப்பதா? போளியை யாராவது பொரிப்பார்களா? கடலைப்பருப்பும் வெல்லமும் அரைத்த பூரணம் அக்கா. மைதா உருண்டைக்குள் வைத்து மூடி, வாழையிலையில் தட்டி, தோசைக்கல்லில் நெய் விட்டு...

ஃபீனிக்ஸ்_ஆயா | டிசம்பர் 17, காலை 7:30

இரண்டு பேரும் சண்டை போடாதீர்கள். என் எழுத்தில் பிழை இருந்தால் மன்னியுங்கள், நான் தமிழ் படித்தது வாரக்கடைசி கோயில் பள்ளிக்கூடத்தில் மட்டும்.

தம்பி, டர்பனில் போளி என்றால் நீங்கள் ஊரில் சோமாசி என்கிறீர்களே, அது. பாதி நிலா, உள்ளே தேங்காய் ஏலக்காய், ஓரத்தைத் திருகி எண்ணெயில் பொரிப்பது. தீபாவளிப் பெட்டியில் அது இல்லாமல் பக்கத்து வீட்டுக்கு அனுப்ப முடியாது. நீங்கள் சொல்லும் தட்டைப் போளி வேறு. 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்கள் பேரை மட்டும் கொண்டுவந்து பலகாரத்தை மாற்றிவிட்டார்களோ என்னவோ.

ஆனால் பாருங்கள், அந்த ஜார்ஜியா ரொட்டியே பாதி நிலாதான்! அப்படியென்றால் சாட்ஸ்வர்த் மகளுக்கு வேண்டியது எங்கள் போளிக் கை. ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தினாயா? அதுதான் திறந்துகொண்டது. முள்கரண்டி அடையாளம் போடும், ஒட்டாது. கட்டைவிரல் நகத்தளவு மாவை மடித்து, அழுத்தி, அந்த மடிப்பின் மேல் அடுத்த மடிப்பு. கயிறு முறுக்கின மாதிரி வரும். மடிக்கும் முன்பு ஓரத்தில் மாவு தூசியோ சீஸ் துணுக்கோ இருக்கக்கூடாது. ஒரு துளி நெய் பட்டாலும் ஒட்டாது.

என் மாமியார் ஓரம் திருகும்போது யாரும் பேசக்கூடாது. பேசினால் மாவுக் கையாலேயே ஒன்று விழும்.

சாட்ஸ்வர்த்காரி | டிசம்பர் 17, காலை 7:48

முள்கரண்டிதான் ஆயா. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

மாவுக்கை | டிசம்பர் 17, காலை 8:02

ஆயாவுக்கு முன்னால் என் மதுரைப் போளி தோற்றது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதம் விஷயத்தில் நான் சொன்னது நிற்கிறது. மேல்மாவு இளக வேண்டும்.

மேட்டுநிலத்தான் | டிசம்பர் 17, காலை 11:20

ஒன்று சேர்க்கிறேன். சமையல் குறிப்பு எந்த ஊர்க்காரர் எழுதியது என்று பார்த்துச் செய்யுங்கள். ஜொகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, மாவு சீக்கிரம் பொங்கும், சீக்கிரம் சரியும். நான் ஈஸ்டில் கால்வாசி குறைப்பேன். காற்றும் வறண்டது, மாவு கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும். தண்ணீர் இங்கே 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் முட்டை வேகவும் ஒன்றிரண்டு நிமிடம் கூட வேண்டும்.

டர்பனில் உயரப் பிரச்சினை இல்லை, ஆனால் டிசம்பர் புழுக்கம் இருக்கிறதே. 500 கிராம் மாவுக்கு 10 கிராம் ஈஸ்ட் அந்தச் சூட்டில் அதிகம். மாவு ஒன்றரை மணி நேரம் இருக்கட்டும் என்று ஐரோப்பியக் குறிப்பில் எழுதியிருப்பான். அவன் ஊரில் வெளியே பனி. நம் ஊரில் முக்கால் மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிடும். அதற்கு மேல் விட்டால் மாவின் தோல் மெலிந்துபோகும், சீஸைத் தாங்காது. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள்.

கறிவேப்பிலைக்கொத்து | டிசம்பர் 17, மதியம் 1:15

சீஸ் விலையைப் பார்த்தீர்களா? வீட்டில் பாலைத் திரித்துப் பனீர் செய்து வைத்தால் ஆகாதா? ஆறு லிட்டர் பால் மிச்சம் இருக்கிறது.

மாவுக்கை | டிசம்பர் 17, மதியம் 1:40

ஆகும், ஆனால் அது வேறு ரொட்டி. பனீர் உருகாது. எலுமிச்சையோ வினிகரோ ஊற்றித் திரிக்கும்போது பாலின் புரதத்தைப் பிடித்துவைத்திருக்கும் கால்சியம் கரைந்து மோரோடு போய்விடும். மிச்சமிருக்கும் புரதம் சூடு பட்டால் இளகாமல் இன்னும் இறுகும். ரென்னெட் என்ற நொதி போட்டு உறையவைத்த சீஸில் கால்சியம் தங்குகிறது, அதனால் இழுபடுகிறது. அதற்காக எல்லாச் சீஸும் உருகும் என்று நினைக்காதீர்கள். ஹல்லூமி ரென்னெட் சீஸ்தான், ஆனால் உருகாமல் வறுபடும்.

பாதி பனீர், பாதி மொசரெல்லா போடுங்கள். செலவும் குறையும், பனீர் ஈரத்தையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். மிச்சப் பாலை எனக்கு அனுப்பலாம்.

கறிவேப்பிலைக்கொத்து | டிசம்பர் 17, மதியம் 1:52

செடார்? கௌடா? இந்த நாட்டில் எந்தக் கடையிலும் இருப்பது அதுதானே.

மேட்டுநிலத்தான் | டிசம்பர் 17, மதியம் 2:30

கௌடா தாராளமாக. முதிர்ந்த செடார் மட்டும் வேண்டாம், எண்ணெய் பிரிந்து ஒழுகும். நான் ஒரு தடவை போட்டேன். ரொட்டியை எடுத்தபோது விளக்கேற்றலாம் போல இருந்தது.

துளசிமாடம் | டிசம்பர் 17, மாலை 4:10

நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. சீஸிலேயே கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுப்பது சேர்கிறது என்கிறார்களே. அப்படியானால் இந்த ரொட்டி எங்களுக்கு இல்லையா?

சாட்ஸ்வர்த்காரி | டிசம்பர் 17, மாலை 5:25

இதை மகள் மூலம் அந்தப் பெண்ணிடமே கேட்டேன். அவர் சொன்னது எனக்கே ஆச்சரியம். ஆர்த்தடாக்ஸ் சபைக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நவம்பர் 28 முதல் ஜனவரி 6 வரை 40 நாள் விரதம். கறி, பால், முட்டை எதுவும் கூடாது. நம் புரட்டாசி மாதிரியே, இன்னும் கடுமை. அந்த 40 நாளும் ஒதுக்கி வைத்த சீஸும் முட்டையும்தான் 7ஆம் தேதி ரொட்டிக்குள் ஒன்றாகப் போகிறது. புரட்டாசி முடிந்த மறுநாள் நம் தெருவில் வரும் கறிவாசனையை நினைத்துக்கொண்டேன்.

அந்த விரதத்துக்குள் வருவதுதான் பார்பரா என்ற புனிதரின் நாள், டிசம்பர் 17. அதாவது இன்று! இன்றைக்கு அவர்கள் செய்வது லோபியானி. வேகவைத்து மசித்த சிவப்பு பீன்ஸ் வைத்த ரொட்டி. பாலும் இல்லை, முட்டையும் இல்லை. துளசி அக்கா, உங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? நம் கடையில் கிடைக்கும் சுகர் பீன்ஸ் பயறை மசித்து, வெங்காயம் வதக்கிப் போட்டால் முடிந்தது.

மாவுக்கை | டிசம்பர் 17, மாலை 6:00

துளசி அக்கா, நீங்கள் கேட்ட கன்றுக்குட்டி சமாச்சாரம்தான் ரென்னெட். நிறையச் சீஸ் இப்போது நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் ரென்னெட்டில்தான் வருகிறது. சைவத்துக்கு ஏற்றது என்று உறையில் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ மட்டும் கண்டிப்பாக ஆகாது, அதன் சட்டமே கன்றுக்குட்டி ரென்னெட் என்கிறது. முட்டைக்குப் பதில் அவித்த உருளைக்கிழங்கு. காக்கசஸ் மலைப்பகுதியான ஒசேத்தியா பக்கத்தில் சீஸும் உருளைக்கிழங்கும் வைத்தே ஒரு ரொட்டி உண்டு, ஒட்டுவேலை என்று யாரும் சொல்ல முடியாது. மேலே பூச முட்டைக்குப் பதில் பால்.

பழைய_பஞ்சாங்கம் | டிசம்பர் 18, காலை 9:00

எல்லாம் சரி. நம் கிறிஸ்துமஸுக்கு எதற்கு அடுத்தவர் ரொட்டி? என் அம்மா பிரியாணி, கேக், ரோஸ் குக்கி இவற்றோடு நிறுத்திக்கொள்வார். இப்போது இணையத்தில் பார்த்ததையெல்லாம் மேசையில் வைக்கிறார்கள். அதுவும் பெயர் காச்சாபுரியாம். பூரி நம்முடையது இல்லையா?

ஃபீனிக்ஸ்_ஆயா | டிசம்பர் 18, காலை 9:40

தம்பி, அந்தக் கேக்கும் பிரியாணியும் உங்கள் அம்மாவின் கொள்ளுப்பாட்டி கப்பலில் கொண்டுவந்ததா? அரிசி, பருப்பு, உப்புக் கருவாடு கொடுத்தார்கள், அதில் சமைத்தார்கள். மற்றதெல்லாம் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கற்றதுதான்.

மாவுக்கை | டிசம்பர் 18, காலை 10:05

பூரிக்கு ஒலி மட்டும்தான் ஒற்றுமை. அவர்கள் மொழியில் காச்சோ என்றால் தயிர்க்கட்டி மாதிரியான சீஸ், புரி என்றால் ரொட்டி. அங்கே பகுதிக்கு ஒரு வடிவம்: இமெரெத்தியில் வட்டம், மெக்ரெலியாவில் மேலேயும் சீஸ், அட்ஜாராவில் படகு வடிவம், நடுவில் பச்சை முட்டை. இணையத்தில் எல்லோரும் படம் எடுப்பது அந்தப் படகை. அங்கே இந்த ரொட்டி எவ்வளவு பெரிய விஷயம் என்றால், தலைநகர் திபிலிசியில் ஒரு பொருளாதார நிறுவனம் ஒரு காச்சாபுரி செய்ய ஆகும் செலவை வைத்து விலைவாசிக் குறியீடு போடுகிறது. நாம் இட்லிக்கு ஒன்று போடலாம்.

சாட்ஸ்வர்த்காரி | டிசம்பர் 21, இரவு 9:30

நான்காவது தடவை. வெடிக்கவில்லை!!

என்ன செய்தேன் என்று எழுதிவிடுகிறேன், தேடி வருபவர்களுக்கு உதவும். வெள்ளை ரொட்டி மாவு 500 கிராம், ஈஸ்ட் 6 கிராம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. அங்கே மத்சோனி என்ற தயிரில் பிசைவார்களாம். நான் மாஸ் என்று இங்கே விற்கும் புளித்த பால் 250 மில்லி ஊற்றினேன். இந்த நாட்டில் இருந்துகொண்டு தயிருக்கு ஏன் அலைய வேண்டும்? அதோடு வெதுவெதுப்பான தண்ணீர் 100 மில்லி. முதலில் கையெல்லாம் ஒட்டியது. மாவு சேர்க்கத் துறுதுறுத்தது, சேர்க்கவில்லை. பத்து நிமிடம் பிசைந்ததும் தானாக ஒட்டுவதை விட்டது. காது மடல் மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது.

ஃபெட்டா 200 கிராமை ஊறவைத்து, பழைய தலையணை உறையில் கட்டிப் பிழிந்தேன். கீழே வைத்த டம்ளரில் கால்வாசி தண்ணீர்! இத்தனையும் போன தடவை ரொட்டிக்குள் இருந்தது. மொசரெல்லா 300 கிராம் துருவல். நான்கு முட்டை அவித்து, ஆறவிட்டு வெட்டினேன். சூடாக இருந்தால் அதுவும் ஆவி விடும். மிளகுத்தூள் கொஞ்சம். கொத்தமல்லி போட ஆசை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மாவை 45 நிமிடத்தில் எடுத்து நான்கு உருண்டை. சப்பாத்தியைவிடக் கனமாக, நடுவில் கொஞ்சம் தடிப்பாகத் தேய்த்து, ஒரு பாதியில் நிரப்பி மடித்தேன். பிறகு ஆயா சொன்ன திருகல். முதல் ரொட்டியின் ஓரம் பார்க்கச் சகிக்கவில்லை. மூன்றாவதில் கை பழகிவிட்டது. மேலே இரண்டு இடத்தில் கத்தி நுனியால் குத்தினேன், ஆவி போக. திரும்பப் பொங்கவிட்டது பத்து நிமிடம் மட்டும். அவன் 220, தட்டையும் உள்ளே வைத்துச் சூடாக்கி அதன் மேல் காகிதத்தோடு நழுவவிட்டேன். அடிப்பாகம் உடனே இறுகிவிடுகிறது. 18 நிமிடம். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன். 12ஆவது நிமிடத்தில் அந்தக் கத்திக் குத்து வழியாக உஸ்ஸென்று ஆவி வந்தது. ஒரு சொட்டுச் சீஸ் எட்டிப் பார்த்து, அங்கேயே பொன்னிறமாகி நின்றுவிட்டது.

பிராய்_ராஜா | டிசம்பர் 21, இரவு 9:44

அக்கா, அந்தக் கால் பன்னி வேண்டாம். எனக்கு இதில் ஒன்று எடுத்து வையுங்கள்.

கறிவேப்பிலைக்கொத்து | டிசம்பர் 22, காலை 7:20

முன்னாடியே செய்து வைக்கலாமா? 25ஆம் தேதி காலையில் மாவு பிசைய யாருக்கு நேரம்? மின்சாரம் போனால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். 2022 டிசம்பரில் மின்வெட்டு ஆறாம் நிலை வரை போனது எனக்கு மறக்கவில்லை.

மாவுக்கை | டிசம்பர் 22, காலை 8:15

மாவை முந்தின இரவு பிசைந்து, பாதி ஈஸ்ட் போட்டு, ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ருசியும் கூடும். நிரப்பி வைக்காதீர்கள், சீஸின் ஈரம் மாவில் இறங்கும். சுட்டதை ஆறவைத்து உறையவைக்கலாம், ஆனால் அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகும். உறையவைப்பதென்றால் முட்டை போடாதீர்கள்.

மின்சாரம் போனால் கேஸ் அடுப்பு. கனமான வாணலி, சின்னத் தீ, மூடி போட்டு ஒரு பக்கம் ஏழு நிமிடம், திருப்பிப் போட்டு ஐந்து. இமெரெத்தி வட்ட ரொட்டியை வாணலியில் போடுவது அங்கேயும் வழக்கம்தான். பிறையைத் திருப்புவது கஷ்டம், வட்டமாகச் செய்துகொள்ளுங்கள். எங்கள் மதுரைப் போளி அப்போது கைகொடுக்கும்.

ஃபீனிக்ஸ்_ஆயா | டிசம்பர் 22, காலை 8:31

விடமாட்டானே இந்தத் தம்பி.

சாட்ஸ்வர்த்காரி | டிசம்பர் 26, காலை 10:10

நேற்று 12 ரொட்டி செய்தேன். மேசைக்குப் போனது 11. ஒன்று அடுப்படியிலேயே காணாமல் போனது, மாமனார் வாயில் மஞ்சள் கரு. ஒன்றே ஒன்று ஓரம் திறந்தது, அது பேரன் திருகியது. துளசி அக்காவுக்காகச் சுகர் பீன்ஸ் வைத்தும் நான்கு செய்து பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடித்தது, புளிப்புக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டால் இன்னும் ஜோர்.

இரண்டை மகள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவருக்கு இன்னும் விரதம் முடியவில்லை, அதனால் பீன்ஸ் ரொட்டியை மட்டும் சாப்பிட்டார். சீஸ் ரொட்டியை அவருடைய பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, வெட்டிய முகத்தை மட்டும் உற்றுப் பார்த்தாராம். பார்த்துவிட்டு மகளிடம் சொன்னது: "ஓரம் எங்கள் அம்மா கை மாதிரி இருக்கிறது. ஆனால் சீஸில் ஏன் கஞ்சத்தனம்? பிசைந்த மாவு எவ்வளவோ சீஸும் அவ்வளவு."

7ஆம் தேதிக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். ஆயா, சம எடை சீஸ் வைத்தால் உங்கள் திருகல் தாங்குமா?

ஃபீனிக்ஸ்_ஆயா | டிசம்பர் 26, காலை 10:25

தாங்கும். திருகும்போது பேசாதே.